ஒன்பதாவது வளைவில் காற்று

பைலட் ஒரு நாளும் விமானம் ஓட்டியதில்லை. ஏறியதே இரண்டு முறைதான், இரண்டு முறையும் இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கார் கம்பெனி ஒன்றில் சோதனை ஓட்டுநர் அவர். பந்தய வேகத்துக்கென்று செய்யப்படும் கார்களை, விற்பனைக்குப் போகும் முன் கம்பெனியின் சொந்த ஓடுபாதையில் விரட்டோ விரட்டென்று விரட்டிப் பார்ப்பது வேலை. ஹெல்மெட்டுக்குள் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு எந்நேரமும் யாரிடமோ எண் சொல்லிக்கொண்டே போகிறாரே என்று எவனோ விளையாட்டாக வைத்த பெயர். ஐம்பத்து நாலு வயதாகியும் அது விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

எண் சொன்னது டவரம்மாவிடம். ஓடுபாதையின் அந்தப் பக்கம், நாலு மாடி உயரத்தில், சுற்றிலும் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அங்கே உட்கார்ந்து பதிவு எழுதுகிற பெண்மணிக்கு அப்படிப் பெயர். முப்பத்தாறு வயதுதான். 'அம்மா' என்று ஒட்டவைத்து ஆளைக் கிழவியாக்கிவிட்டார்கள் என்று ஒருமுறை குறைபட்டுக்கொண்டதோடு சரி.

அந்தக் கம்பெனியில் ஒரு விதி உண்டு. கையால் கியர் மாற்றும் காரைச் சோதிக்கும்போது, ஒவ்வொரு முறை மாற்றுவதற்கு முன்னும் எந்த கியருக்குப் போகிறோம் என்று ஓட்டுநர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டவரில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். அத்தனை கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எதற்கு இந்தக் கூத்து என்பார்கள். ஆனால் காரணம் இருந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு ஓட்டுநர், முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது நாலுக்குப் பதிலாக இரண்டில் தள்ளி, இன்ஜின் துண்டு துண்டாகப் போனது. கை தவறியதா, கியர்பாக்ஸ் தவறியதா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கியர் எங்கே விழுந்தது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. கை எங்கே போக நினைத்தது என்று சொல்லத்தான் ஆளில்லை. அதிலிருந்து, நினைப்பை முதலில் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

ஒரு சுற்றுக்குப் பதினாலு வளைவு. இருபத்திரண்டு முறை கியர் மாற்றம்.

"மூணு."

"மூணு."

"நாலு."

"நாலு."

ஏழு வருடமாக இதுதான் அவர்கள் பேச்சு. காதலா என்று யாராவது கேட்டால் பைலட் அடிக்க வந்திருப்பார். அவருக்கு அப்படியெல்லாம் ஒன்றும் தோன்றியதில்லை. டவரம்மாவுக்குக் கணவர் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு நானூறு முறை நாம் சொன்ன சொல்லை ஒரு மனித வாய் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறதென்றால் அது சின்ன விஷயமில்லை. அந்த டவருக்கு வெளியே உலகத்தில் யாரும் பைலட் சொன்னதை ஒருமுறைகூடத் திருப்பிச் சொன்னதில்லை.

ஐந்து சுற்றுக்கு ஒருமுறை, கொதித்துப்போன டயரை ஆற விடுவதற்காக ஒரு சுற்றை மெதுவாக ஓட்டுவார். ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் எண் இல்லாத ஒன்றிரண்டு வார்த்தைகள் வரும். லிஃப்ட் ரிப்பேர், நாலு மாடி ஏறி மூச்சு வாங்குது என்பார் டவரம்மா. என் வாஷிங் மெஷின் ஆடிக்கிட்டே வாசல் வரைக்கும் வந்துடுச்சு என்பார் பைலட். சொந்தக் கதை, சோகக் கதை எதுவும் கிடையாது. ரேடியோவில் பேசுவதெல்லாம் பதிவாகும், சீஃப் மேஜையிலும் கேட்கும். நேரில் பார்த்துக்கொள்வதும் அபூர்வம். டவருக்கு வேறு வாசல், வேறு பேருந்து. வருடத்துக்கு ஒருமுறை குழுப் படம் எடுக்கும்போது பக்கத்தில் நிற்க நேர்ந்தால், "நல்லா இருக்கீங்களா", "இருக்கேன்" என்பதற்கு மேல் இருவருக்கும் வார்த்தை வராது.

பைலட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கேட்பவர்களே கேட்பதை விட்டுவிட்டார்கள். இரண்டாம் மாடியில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போன் செய்வாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். குக்கர் சத்தத்துக்கும் பிள்ளைகளை அதட்டும் சத்தத்துக்கும் நடுவே அண்ணனுக்கு இரண்டு "ம்" சொல்ல இடம் கிடைக்கும். "சரிண்ணா, வெச்சிடட்டா?" என்று அவளே முடிப்பாள். மற்றபடி வெள்ளி சாயங்காலம் கம்பெனி வாசலைத் தாண்டினால் திங்கள் காலைவரை அவர் குரலுக்கு வேலையே இல்லை. திங்கட்கிழமை முதல் சுற்றில் முதல் "மூணு" கரகரவென்று துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி வரும்.

"தொண்டை சரியில்லையா பைலட்?" என்று கேட்பார் டவரம்மா.

"பனி," என்பார் பைலட். கோடைக் காலத்திலும் பனிதான்.

இந்த நிலையில்தான் சீஃப் ஒரு நாள் கூட்டம் போட்டார். சீஃப் என்பவர் பைலட்டைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்லவர், எண்ணைக் காட்டினால் மட்டுமே எதையும் நம்புவார். அடுத்த மாடலுக்கு இரண்டு கியர்பாக்ஸ் தயாராக இருந்தன. ஒன்று கையால் மாற்றுவது, கிளட்ச் மிதிப்பது. இன்னொன்று தானாக மாறுவது. இரண்டையும் தொடர்ந்து செய்யக் கட்டுப்படியாகாது என்று மேலிடம் முகத்தைச் சுளிக்கிறது. ஒரே ஓட்டுநர், ஒரே நாள், ஒரே பாதை. காருக்குப் பத்துச் சுற்று. சராசரியில் வித்தியாசம் ஒரு விநாடிக்குள் இருந்தால் இரண்டும் இருக்கும். ஒரு விநாடியைத் தாண்டினால் கையால் மாற்றுவதற்கு ஒரு கும்பிடு.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது பைலட்," என்றார் சீஃப். "எது ஜெயிச்சாலும் ஓட்டப்போறது நீங்கதான்."

தானாக மாறும் காரை பைலட் அதற்கு முந்தின வாரமே ஓட்டிப் பார்த்திருந்தார். வித்தியாசம் ஒன்றரை விநாடிக்குக் குறையாது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதில் இரண்டு கிளட்ச். ஒன்று மூன்றாவது கியரைப் பிடித்திருக்கும்போதே இன்னொன்று நாலாவதைப் பிடிக்கத் தயாராக நிற்கும். இமைப்பதற்குள் மாறிவிடும், இழுவை விட்டுப்போவதே தெரியாது. கையால் மாற்றும்போதோ, எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் கால் விநாடியாவது வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்துக்கொண்டே அதே வலது காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரையும் தட்டிவிட வேண்டும், இடது கால் கிளட்சில், இடது கை கியரில், ஒரு கை மட்டும் ஸ்டீயரிங்கில். கையால் மாற்றுவதில்தான் சுகம் என்று சொல்லுகிறவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை, தங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். பைலட்டுக்குப் பழைய கியர் பெட்டியின் மேல் பாசமெல்லாம் கிடையாது. முப்பது வருடம் கிளட்ச் மிதித்து இடது முழங்கால் வேறு அவ்வப்போது மக்கர் செய்கிறது. எந்தக் கார் நல்ல கார் என்று அவரைக் கேட்டால் யோசிக்காமல் தானாக மாறுவதைத்தான் சொல்லுவார்.

ஆனால் அதில் எண் சொல்ல வேண்டாம். கியரை முடிவு செய்வது பெட்டி. அது நினைத்ததை அதுவே கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். டவரில் ஆள் தேவையில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் பைலட் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது இதை நினைத்துத்தான்.

ஒப்பீட்டு நாள் காலையில் முதலில் கையால் மாற்றும் கார். வானம் வெளுத்து, பாதை காய்ந்து, இலை அசையாத நாள். பைலட் அன்றைக்கு ஓட்டிய மாதிரி அதற்கு முன் ஓட்டியதில்லை. இருநூற்று இருபது முறை கியர் மாற்றம், ஒன்றுகூடத் தடுமாறவில்லை. டவரம்மாவின் குரல் ஒவ்வொன்றையும் அள்ளி எடுத்துக்கொண்டது. சராசரி ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு புள்ளி ஒன்று. ஷெட்டில் மெக்கானிக்குகள் கை தட்டினார்கள்.

பிறகு அடுத்த காரில் ஏறினார். ஒப்பீட்டு நாள் என்பதால் டவரம்மாவை நேரம் குறிக்க உட்கார வைத்திருந்தார்கள். ஆனால் பேச எதுவும் இல்லை. இரண்டாவது வளைவுக்கு முன் "மூணு" என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பெட்டி மூன்றுக்குப் போய், வேலையும் முடித்திருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். காதில் வெறும் இரைச்சல். ஏழு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பாதை எவ்வளவு நீளம் என்று அவருக்கு உறைத்தது.

ஒன்பதாவது வளைவு ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. அதைத் தாண்டினால் பாதையிலேயே நீளமான நேர்கோடு. அந்த வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை அரை மூச்சு தாமதித்து மிதித்தால் போதும், அந்த நஷ்டம் நேர்கோடு முழுக்கக் கூடவே வரும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. பைலட் இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று சொல்ல முடியாது. முதல் சுற்றில் கால் தானாகத் தயங்கியது. இரண்டாவது சுற்றில் அவர் தயங்க விட்டார். மூன்றாவதிலிருந்து தெரிந்தேதான் செய்தார். முப்பது வருடத்தில் ஒரு பொய்யான சுற்று ஓட்டியதில்லை, அன்றைக்கு மூன்று ஓட்டினார்.

ஐந்தாவது சுற்று முடிந்து டயரை ஆற விட்டுக்கொண்டிருந்தபோது காதில் குரல் வந்தது.

"பைலட், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க டவர்."

"கம்ப்யூட்டர்ல பாக்கறேன், ஒன்பதுல ஆக்சிலரேட்டர் லேட்டா விழுது. அஞ்சு சுத்துலயும். ஏதாவது பிரச்சனையா?"

பைலட் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

"காத்து," என்றார். "ஒன்பதுல குறுக்குக் காத்து. வண்டி பின்பக்கம் லேசா அலையுது."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"காத்து," என்று டவரம்மா திருப்பிச் சொன்னார், எண்ணைத் திருப்பிச் சொல்லும் அதே குரலில். "எழுதிக்கிட்டேன்."

மதிய இடைவேளையில் சீஃப் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் பெரிய திரை. இதுவரைக்கும் வித்தியாசம் பூஜ்யம் புள்ளி ஒன்பது. சீஃப் மோவாயைத் தடவிக்கொண்டு அதையே பார்த்தார்.

"ஆச்சரியமாத்தான் இருக்கு. இன்னும் நல்லா வரும்னு நினைச்சேன். சரி, எண் சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான்." டவரம்மா பக்கம் திரும்பி, தமாஷாகத்தான் சொன்னார்: "உங்க பாடுதான் திண்டாட்டம். மறுபடியும் இடமாற்றம் இல்ல. இது மூணாவது விண்ணப்பமா, நாலாவதா?"

"நாலாவது சார்," என்றார் டவரம்மா. சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

பைலட் மேஜையைப் பார்த்தார். காலையில் எழுதிய பதிவுத்தாள் அங்கே இருந்தது. இரண்டாவது காருக்கான பக்கத்தில் ஐந்து சுற்றுக்கு நேராகவும், உருண்டை உருண்டையான எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, 'ஒன்பதில் காற்று' என்று ஐந்து முறை எழுதியிருந்தது.

வராந்தாவில் பைலட் டவரம்மாவின் பின்னாலேயே போய் நிறுத்தினார். நேரில் பேசிப் பழக்கமில்லாததால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"என்ன இடமாற்றம்?"

"ஹெட் ஆபீசுக்கு. வீட்டுக்காரர், பையன் எல்லாம் அங்கதான். ரயில்ல அஞ்சு மணி நேரம். நான் இங்க லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ போய்ட்டு வருவேன்."

"பையனா?"

"எட்டு வயசு. நான் வரும்போது ஒரு வயசு." டவரம்மா கைப்பையின் வாரைச் சரி செய்துகொண்டார். "ஒவ்வொரு தடவையும் இதத்தான் எழுதி அனுப்புவாங்க. கையால கியர் மாத்தற வண்டி இருக்கற வரைக்கும் பழகின ஆளு டவர்ல வேணும்னு."

"ஏழு வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே."

"எங்க சொல்றது? ரேடியோவுலயா?"

அது நியாயம்தான். பைலட் அடுத்ததைக் கேட்கக் கொஞ்சம் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது. ஒன்பதாவது வளைவு ஓரத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட ஒரு துணிப்பையைக் கம்பத்தில் கட்டியிருப்பார்கள். டவரின் ஜன்னலுக்கு அது நேர் எதிரே.

"துணிப்பையப் பாத்தீங்களா?"

"பாத்தேன். தொங்கிட்டுதான் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா காத்துன்னு எழுதினீங்க?"

"நீங்க சொன்னீங்க." டவரம்மா முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். "ஏழு வருஷமா நீங்க சொல்றத எழுதறேன். நீங்க சொன்னது ஒண்ணு, கை போனது ஒண்ணுன்னு ஒரு நாளும் ஆனதில்ல. இன்னைக்கு மாத்திச் சொல்றீங்கன்னா ஏதோ காரணம் இருக்கணும். வேலை போயிடும்னு பயப்படறீங்கன்னு நினைச்சேன்."

"வேலை போகாது."

"அப்புறம் என்ன?"

பைலட் தன் இடது ஷூவைப் பார்த்தார். கிளட்ச் மிதித்து மிதித்து அதன் அடிப்பாகம் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"டவர்ல யாரும் இருக்க மாட்டீங்களே," என்றார்.

டவரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் "ஓ" என்றார். அந்த "ஓ"வில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பைலட்டுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வீட்டுல பேச யாரும்..."

"தங்கச்சி இருக்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா."

சொல்லும்போதே அது எவ்வளவு சப்பென்று இருக்கிறது என்று அவருக்கே கேட்டது. தயவுசெய்து ஒழுங்காக ஓட்டுங்கள் என்று டவரம்மா கேட்டிருக்கலாம். என் பிள்ளை, என் கஷ்டம் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சொன்னது வேறு.

"போன வாரம் பையனுக்குப் பல்லு விழுந்துச்சு. போன்லதான் காட்டினான்," என்றார். பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தவர் போல, "சாப்பிட்டுட்டுப் போங்க பைலட், வெறும் வயித்துல ஓட்டாதீங்க," என்று சொல்லிவிட்டு டவர் பக்கம் நடந்தார்.

பைலட் சாப்பிடவில்லை. உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஐந்து சுற்றுதான். காலையில் செய்ததையே செய்தால் போதும். புதிதாக ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். டவரம்மா காட்டிக்கொடுக்க மாட்டார். இன்னும் ஐந்து முறை, தன் பிள்ளைக்கு எதிராகத் தன் கையாலேயே, 'ஒன்பதில் காற்று' என்று எழுதுவார். எழுதிவிட்டு ஹாஸ்டலுக்குப் போய் அடுத்த பல் விழுவதையும் போனில் பார்ப்பார். அவர் எழுத மாட்டார் என்றிருந்தால் பைலட் ஒருவேளை துணிந்திருப்பார். எழுதிவிடுவார் என்பதைத்தான் பைலட்டால் தாங்க முடியவில்லை. தன் மேல் அவருக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அதற்கு நடுவிலேயே, வெட்கமில்லாமல், திங்கட்கிழமைக் காலைகளும் ஞாபகம் வந்தன.

எழுந்து சீஃப் அறைக்குப் போனார்.

"இந்த வண்டியில காலையில ஓட்டின அஞ்சு சுத்தையும் அழிச்சிடுங்க. பத்தும் புதுசா ஓட்டறேன்."

"ஏன்?"

"காத்து நின்னுடுச்சு."

சீஃப் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், பைலட்டைப் பார்த்தார். மனுஷன் ஒன்றும் முட்டாள் இல்லை. "டயர் இன்னொரு செட் போகும். போகட்டும். தப்பான எண்ணை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது," என்றார்.

அன்று மதியம் பைலட் ஓட்டியதைப் பார்த்த மெக்கானிக்குகள் வெகுநாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். காரை அவர் ஓட்டவில்லை, அதன் போக்குக்கு விட்டு வழி மட்டும் காட்டினார். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், இரண்டு காலுக்கும் ஆளுக்கொரு வேலை. பிரேக்கை வளைவின் வயிற்றுக்குள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போக முடிந்தது. ஒன்பதாவது வளைவில், மேட்டின் உச்சியிலேயே, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தார். பெட்டி மூன்று, நாலு, ஐந்து என்று ஒரு தையல்கூடத் தெரியாமல் ஏறியது. எவ்வளவு நல்ல கார் என்று ஒவ்வொரு சுற்றிலும் நினைத்தார். அதன் மேல் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. காதுக்குள் யாரும் பேசவில்லை. துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது.

பத்தாவது சுற்றின் கோட்டைத் தாண்டினார்.

"பைலட்." டவரம்மாவின் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "ஒரு நிமிஷம் ஐம்பது புள்ளி ஒண்ணு. இந்தப் பாதையில யாரும் இவ்வளவு வேகமா ஓட்டினதில்ல. சராசரி ஐம்பது புள்ளி நாலு."

வித்தியாசம் ஒன்று புள்ளி ஏழு. ஒரு விநாடியை எப்போதோ தாண்டியாகிவிட்டது.

"எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்."

டயரை ஆற விடும் சுற்று தொடங்கியது. பைலட் கண்ணாடியை இறக்கிவிட்டார். புல் வாசனையும் சுட்ட ரப்பர் வாசனையும் உள்ளே வந்தன. இனிமேல் அந்த ஆறு நிமிடத்தில் என்ன செய்வது என்று யோசித்தார். எதுவும் தோன்றவில்லை. மனத்தில் பெரிய தியாகம் செய்த நிறைவு எதுவும் வரவில்லை, வரும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. வீடு காலி செய்கிற அன்றைக்கு அறை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது வளைவு தாண்டியதும் மைக்கில் சொன்னார்.

"டவர்."

"சொல்லுங்க பைலட்."

"எந்தப் பல்லு விழுந்துச்சு?"

சீஃப் மேஜையில் எல்லாம் கேட்கும், எல்லாம் பதிவாகும்.

"முன்பல்லு," என்றார் டவரம்மா. "மேல் வரிசையில, ரெண்டு. நடுவுல ஓட்டை. விசில் அடிக்க வரலன்னு ஒரே அழுகை."

"முன்ன நல்லா அடிப்பானா?"

"முன்னயும் வராது. இப்ப அதுக்கு ஒரு சாக்கு கிடைச்சுது."

பைலட் சிரித்தார். டவரம்மா பேசிக்கொண்டே போனார். பையனுக்குக் கணக்கு வராது, படம் வரைவான், எதை வரையச் சொன்னாலும் ஒரு ஜன்னலும் அதில் ஒரு ஆளும் வரைந்து அது அம்மா என்பான். அப்பாவோடு சண்டை போட்டால் போன் செய்து அம்மாவிடம் புகார் சொல்வான், அம்மா பேசத் தொடங்கியதும் போனை வைத்துவிடுவான். ஏழு வருடமாக அந்தக் குரல் எண்ணையும் ஒன்றிரண்டு வார்த்தையையும்தான் சொல்லியிருக்கிறது. இத்தனை வார்த்தை அதற்குள் இருந்தது என்று பைலட்டுக்குத் தெரியவே தெரியாது. பாதி புரிந்தது, பாதி இரைச்சலில் போனது. போனால் போகட்டும் என்று காலை இன்னும் தளர்த்தினார். பெட்டி தானாகவே இறங்கி இறங்கி முதல் கியரில் வந்து ஊர்ந்தது. சைக்கிளில் போகிறவன்கூட முந்தியிருப்பான்.

ஷெட்டுக்குத் திரும்பும் வழி இடது பக்கம் வந்தது. மெக்கானிக்குகள் வெளியே வந்து நின்றிருந்தார்கள். முப்பது வருடத்தில் ஒரு முறைகூட பைலட் அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டதில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் நேராகப் போனார்.

"பைலட், வழியத் தாண்டிட்டீங்க," என்று சீஃப் குரல் குறுக்கே வந்தது. டவரம்மா பேச்சை நிறுத்திவிட்டார்.

"தாண்டிட்டேன்," என்றார் பைலட். "டயர் இன்னும் ஆறல. இன்னொரு சுத்து வேணும்."

அந்த வேகத்துக்கு டயர் ஆறி வெகுநேரமாகிவிட்டது. அது மூன்று பேருக்குமே தெரியும்.

"டயர் இன்னும் ஆறல," என்று டவரம்மா திருப்பிச் சொன்னார். "எழுதிக்கிட்டேன்."

பிறகு, விட்ட இடத்திலிருந்து, பையனைப் பற்றி மறுபடியும் சொல்லத் தொடங்கினார். அந்தச் சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.